மூன்றாம் ஓலை

இரண்டாம் ஓலை வாசிக்க இருந்த ஞாயிற்றுக்கிழமை விடியுமுன், சாராவின் தாடையில் பிளேடு கீறிவிட்டது. சின்னக் கீறல்தான், ஆனால் ரத்தம் நிற்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. அம்மா டோரிஸ் படிகாரத்தை நனைத்து அழுத்தினாள், மேலே பவுடரை அப்பினாள், கோயிலில் யாராவது கேட்டால் பரு என்று சொல்லச் சொன்னாள். சாராவுக்கு முப்பத்தொரு வயது. பதினேழு வயதிலிருந்து அவள் முகத்தில் முடி வளர்கிறது. பூனை முடி அல்ல, ஆண்களுக்கு வளர்கிற மாதிரியே மேலுதட்டிலும் தாடையிலும் கறுப்பாக, கெட்டியாக. கஸ்தூரி மஞ்சளும் குப்பைமேனியும் அதனிடம் தோற்றுப்போயின. ஒரு டாக்டர், கல்யாணமானால் தானாகச் சரியாகிவிடும் என்று சொல்லி ஃபீஸ் வாங்கிக்கொண்டார். கடைசியில் அப்பாவின் ரேசர்தான் கைகொடுத்தது. அப்பா போய் ஆறு வருஷமாகியும், திருமுல்கேரி கிரானா மளிகைக் கடைக்காரர் மாதாமாதம் டோரிஸ் டீச்சருக்கு பிளேடு பாக்கெட் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் பிளேடு எதற்கு என்று அந்த மனிதர் ஒரு நாளும் கேட்டதில்லை. அந்தத் தெருவில் அவர் ஒருவருக்குத்தான் அந்த நாகரிகம் இருந்தது.

ஓலை என்றால் கல்யாண அறிவிப்பு. மூன்று ஞாயிறு ஆராதனைக்கு நடுவே போதகர் இருவர் பெயரையும் வாசித்து, இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே சொல்லலாம் என்று சபையைக் கேட்பார். யாரும் சொல்வதில்லை. சொன்னதாக ஞாபகம் உள்ளவர்கூட அந்தச் சிக்கந்தராபாத் சபையில் கிடையாது. போதகரும் பதிலுக்காகக் காத்திருப்பவரல்ல; ஒரு மூச்சு விட்டுவிட்டு பாட்டு நம்பரைச் சொல்லப் போய்விடுவார். ஆனால் முதல் ஓலையன்று அந்த ஒரு மூச்சு நேரத்தில் சாரா புடவைத் தலைப்பால் தாடையை மூடிக்கொண்டாள். தடை அவள் முகத்திலேயே இருந்தது. மாப்பிள்ளைக்கு அது தெரியாது.

மாப்பிள்ளை ஏனோக் அதே சபைதான். பாலாநகரில் சாரா ஸ்டெனோவாக இருக்கும் அதே சர்க்கார் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. முப்பத்துநாலு வயது, குடி இல்லை, சிகரெட் இல்லை, பெண்களை ஏறெடுத்துப் பார்க்காத பிள்ளை என்று மாதர் சங்கம் முழுக்க நற்சான்றிதழ். ஒன்பது இடத்திலிருந்து வந்து பார்த்து, பெண் முகம் கொஞ்சம் முரடு என்று சொல்லிவிட்டுப் போன பிறகு, ஏனோக்கின் அம்மா தானாக வந்து கேட்டாள். டோரிஸுக்குக் கர்த்தரே படியேறி வந்த மாதிரி இருந்தது. மாப்பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று சாரா சொன்னபோது டோரிஸ் அவள் வாயைப் பொத்தாத குறைதான்.

"ஏட்டி, மூணு ஓலையும் முடியட்டும். தாலி ஏறுன பெறவு எவனும் தள்ளிவிட மாட்டான்."

அதற்கப்புறம் ஒரு குவார்ட்டர்ஸில், எந்த விளக்கில், எந்தக் கதவுக்குப் பின்னால், நாற்பது வருஷம் சவரம் செய்வது என்று சாரா கேட்டாள். அவர் தூங்கும்போது என்றாள் டோரிஸ். சொன்ன பிறகு அவளுக்கே அது சரியாகப் படவில்லை போலிருக்கிறது, பாத்திரம் கழுவ எழுந்து போய்விட்டாள்.

அம்மாவிடம் சொல்லாத சங்கதி ஒன்றும் சாராவிடம் இருந்தது. போன வருஷம் டைபாய்டில் பன்னிரண்டு நாள் படுத்திருந்தாள். எழுந்து கண்ணாடி பார்த்தபோது முகம் முழுக்கக் குட்டையாக, மிருதுவாகத் தாடி. எதிர்பார்த்த அருவருப்பு வரவே இல்லை. ஒட்டிய கன்னம் நிறைந்து, கண் பெரிதாகி, அந்த முகத்துக்குச் சொந்தக்காரி ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். பிடித்திருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. அன்றைக்கே சிரைத்துவிட்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அதன் பிறகு அவள் வாழ்க்கையிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அந்த முகத்தோடு உட்கார்ந்து ஒரு வாய் காபி குடிக்க ஓர் அறை வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாம் ஓலையும் முடிந்த புதன்கிழமை சாயங்காலம், கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு, கேட்டுக்கு வெளியே பஸ் ஸ்டாப்பில் ஏனோக்கை நிறுத்தினாள். சுற்றி வளைக்கத் தெம்பில்லை.

"எனக்குத் தாடி வளருது. தினம் ஷேவ் பண்ணிட்டுத்தான் வெளிய வர்றேன்."

"தெரியும்," என்றான் ஏனோக்.

நாலு மணியானால் அவள் கர்ச்சீப் தாடைக்குப் போவதை ரெண்டு வருஷமாகப் பார்த்திருக்கிறானாம். அதில் கேலி இல்லை. சாராவுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. தெரிந்தும் கேட்டு வந்திருக்கிறானே என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் சந்தோஷமாக இருந்தாள்.

"அதனாலதான் அம்மாவை அனுப்பினேன். மறைச்சு வாழறது எப்படின்னு உங்களுக்குத் தெரியும்," என்று அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எனக்குப் பொம்பளைங்க மேல ஆசை வந்ததில்ல, சாரா. வரவும் வராது."

வேறு யாராவது உண்டா என்று கேட்டாள்.

"ஹவ்," என்று ஹைதராபாத் பாணியில் ஆமாம் போட்டான். "கிதியோன்."

மெஷின் ஷாப்பில் லேத் ஓட்டும் டர்னர். கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நிற்கப் போகிறவன். அவனுக்கும் கோட்டு தைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குள் பதினொரு வருஷப் பழக்கமாம். சாராவுக்குக் கோபம் வரவில்லை. தினம் தன் முகத்தையே சுரண்டி எறிகிறவளுக்கு அடுத்தவன் மனசைப் பார்த்து முகம் சுளிக்க வாய் எது? அவள் புத்தி வேறு கணக்குப் போட்டது. ஆசை இல்லாத புருஷன் என்றால் அந்த வீட்டில் தாடியோடு இருக்கலாமே. கேட்டேவிட்டாள்.

ஏனோக் தலை குனிந்துகொண்டான்.

"அம்மா நம்மகூடத்தான் இருப்பாங்க. அவங்களுக்கு ரெண்டும் தெரியக் கூடாது."

ரெண்டும். அதே விடியற்காலை, அதே ரேசர், வேறு குளியலறை. கூடவே காவல் காக்க இன்னொருத்தர் ரகசியம். அவன் கெட்டவனாக இருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும், திட்டிவிட்டுப் போகலாம். அவன் பஸ்ஸில் அவளுக்கு ஸீட் பிடித்துக் கொடுத்து, டிக்கெட் எடுத்து, கைப்பிடியில் தொங்கிக்கொண்டே வந்தான்.

வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் இரண்டு ஓலை வாசித்த பிறகு சொல்வதென்றால் காரணம் சொல்லியாக வேண்டும். தன்னுடையதைச் சொன்னால் ஊர் சிரிக்கும், அம்மா பள்ளிக்கூடம் போக முடியாது. அவனுடையதைச் சொன்னால் ஆபீஸிலும் சபையிலும் இரண்டு ஆண்களைக் கல்லெறியாத குறையாக விரட்டுவார்கள். ஒன்றுமே சொல்லாவிட்டால் பெண் எங்கேயோ தப்பு செய்துவிட்டாள் என்பார்கள். சனிக்கிழமை வரைக்கும் அவள் இதையே திருப்பித் திருப்பி யோசித்தாள். எந்தப் பக்கம் போனாலும் முட்டியது.

மூன்றாம் ஞாயிறு பெண்கள் பக்கத்தில் டோரிஸ் புதுப் பட்டுப்புடவையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நடைபாதைக்கு அந்தப் பக்கம் ஏனோக்கும் கிதியோனும் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்திருந்தார்கள். போதகர் பெயர்களை வாசித்தார், இது மூன்றாம் ஓலை என்றார், தடை அறிந்தவர்கள் உண்டா என்று கேட்டார்.

கிதியோன் எழுந்து நின்றான்.

சபை மொத்தமும் திரும்பியது. போதகர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று சாராவின் உள்ளம் முழுக்கக் கத்தியது. சொன்னால் அவன் அழிந்துபோவான் என்று தெரியும், தெரிந்தும் கேட்டாள். இவ்வளவு மனசாரச் செய்த ஜெபம் அவள் வாழ்க்கையில் வேறில்லை. கிதியோன் வாயைத் திறந்தான். பிறகு கர்ச்சீப்பை எடுத்து வாயில் வைத்து, இருமல் வந்தவன் போலக் குனிந்து, வரிசையில் இருந்தவர்களின் முழங்கால்களைத் தாண்டி, பக்கக் கதவு வழியாக வெளியே போய்விட்டான். அவன் இருமியதாக யாருக்கும் கேட்கவில்லை.

போதகர் இந்த முறை இரண்டு மூச்சு காத்திருந்தார். பிறகு பாட்டு நம்பரைச் சொன்னார். ஆர்கன் ஆரம்பித்தது, எல்லோரும் எழுந்தார்கள், டோரிஸ் மகளின் முழங்கையைத் தொட்டாள். சாரா எழுந்திருக்கவில்லை. நின்றவர்களின் புடவைகளுக்கு நடுவே கிடைத்த சந்தில் அவளுக்கு ஏனோக் தெரிந்தான். அவன் கதவுப் பக்கம் திரும்பவே இல்லை. பாட்டுப் புத்தகத்தை இடது பக்கமாக, கிதியோன் விட்டுப்போன காலி இடத்தை நோக்கி நீட்டி, அங்கே நிற்கிறவருக்கும் எழுத்து தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு, சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தான்.