தலைமாடு உயர்ந்த கட்டில்

படுத்தால் எரியும், உட்கார்ந்தால் அடங்கும். ஏழாம் மாதம் தொடங்கியதிலிருந்து மாடம்மாளின் இரவுகள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கழிந்தன.

ஆரியசாலைக் கடைத்தெருவில் மல்லியும் மிளகும் மிளகாய் வற்றலும் மொத்தமாக விற்கிற கடை அவர்களுடையது. கடைக்கு மேலே மச்சில் இரண்டு அறையும் ஒரு அடுக்களையும். அதுதான் வீடு. கணவர் பகவதிப்பெருமாள் ஷட்டரை இறக்கிவிட்டு மேலே ஏறி வரும்போது தெருவே அடங்கியிருக்கும். அவர் குளித்து வந்த பிறகு இருவரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். கல்யாணமாகி வந்த நாள் முதல் அவருக்கு முந்தி அவள் இராச்சாப்பாடு சாப்பிட்டதில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பகலெல்லாம் ஊராரோடு பேசித் தீர்க்கிற மனுஷன் அந்த ஒரு நேரம்தான் அவளோடு பேசுவார். அதை இழக்க அவளுக்கு மனசில்லை. புளிவிட்ட தீயல் குழம்பு, பொரித்த அப்பளம், கொஞ்சம் கடைக்கதை. பிறகு பாத்திரத்தை ஒதுக்கிவிட்டுப் படுக்கை.

படுத்த கொஞ்ச நேரத்தில் வயிற்றுக்கு மேலே ஒரு சூடு திரளும். அது நெஞ்சுக்குழியைத் தடவிக்கொண்டு ஏறும். தொண்டையில் புளிப்பு வந்து முட்டும். இந்தப் பக்கம் புரண்டாலும் அந்தப் பக்கம் புரண்டாலும் விடாது. அவள் சத்தமில்லாமல் எழுந்துபோய் ஜன்னலோரம் கிடக்கும் பிரம்பு நாற்காலியில் சாய்ந்துகொள்வாள்.

யாரிடமும் சொல்லவில்லை. பதினைந்து வருஷம் காத்திருந்து, முப்பத்தேழு வயதில் வந்த வயிறு இது. பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் தேங்காய் உடைத்த அன்று, ‘ஒரு பிள்ளையைக் குடு, என்ன கஷ்டம் வந்தாலும் வாய் திறக்க மாட்டேன்’ என்று மனசுக்குள் சொல்லியிருந்தாள். இப்போது போய் எரிகிறது, கிரிகிறது என்று புலம்பினால், கொடுத்தவன் முகம் சுளித்துத் திருப்பி வாங்கிக்கொள்வானோ என்று பயம். பயம் என்று அவள் அதற்குப் பேர் வைக்கவில்லை. வாயை மூடிக்கொண்டாள், அவ்வளவுதான்.

நாற்காலியில் முழுத் தூக்கம் வராது. பாதி விழிப்பும் பாதி கனவுமாகக் கிடப்பாள். கீழே மஞ்சள் விளக்கில் தெரு பளபளக்கும். பார்த்துக்கொண்டே இருக்கும்போது அது தண்ணீராகும். கரமனை ஆறு வழி தப்பி ஆரியசாலைக்குள் புகுந்துவிட்டது போலிருக்கும். மல்லிச் சாக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடம் போல் மிதந்து போகும். கடைசிச் சாக்கின் மேல் ஒரு சின்னப் பிள்ளை சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும். முதுகு மட்டும்தான் தெரியும். “இங்க பாரு மக்ளே” என்று கூப்பிட வாயெடுப்பாள். வாயில் புளிப்புதான் வரும். விழித்துப் பார்த்தால் தெரு பழையபடி தெருவாகக் கிடக்கும்.

பகவதிப்பெருமாள் இதையெல்லாம் கவனிக்காமல் இல்லை. கை நீட்டினால் பக்கத்துத் தலையணை வெறுமையாக இருக்கும். இருட்டில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பது தெரியும். அவர் எதுவும் கேட்கவில்லை. ஒருநாள் இரவு பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, “நான் வெளி முறியில கெடக்கேன். நீ கட்டில்ல சௌகரியமா ஒறங்கு” என்றார்.

“என்னத்துக்கு?”

“சும்மாதான். அங்க காத்து வருது.”

வெளி அறையில் காற்று வராது என்பது அவளுக்குத் தெரியும். அவர் போன பிறகு கட்டில் பெரிய மைதானம் போலிருந்தது. வயிறு பெருத்த பெண் பக்கத்தில் படுப்பது அவருக்குத் தொந்தரவாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு எரிச்சலோடு இன்னொன்றும் சேர்ந்து எரிந்தது. மறுநாள் சாப்பாட்டில் கடைக்கதை குறைந்தது. அதற்கடுத்த நாள் அப்பளம் நொறுங்கும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

பிறகு ஒரு ராத்திரி, அசதி மிஞ்சி அவள் கட்டிலிலேயே மல்லாந்து தூங்கிப்போனாள். கனவில் யாரோ கொதிக்கிற ரசத்தைத் தொண்டையில் ஊற்றினார்கள். மூச்சு அடைத்தது. எழுந்து உட்கார்ந்து இருமினாள், இருமினாள், கண்ணில் தண்ணீர் கொட்ட இருமினாள்.

பகவதிப்பெருமாள் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். விளக்கைப் போட்டார்.

“ஏ பிள்ளே! என்னாச்சு? வலி எடுத்திருக்கா? டாக்சி பிடிக்கட்டா?”

“இல்ல… எரியுது.”

“எங்க?”

“நெஞ்சுல. படுத்தா எரியுது. அதான் தெனமும் எந்திச்சு நாற்காலியில இருக்கேன்.”

அவர் கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “எரிச்சலா? வேற ஒண்ணுமில்லியே?”

“வேற என்ன?”

அவர் தரையைப் பார்த்தார். “நான் வேற மாதிரில்லா நெனச்சேன். எம்மேல எப்பவும் வத்தல் நெடி உண்டு. வயித்துப் பிள்ளக்காரிக்கு அது ஒத்துக்காம, எங்கிட்டப் படுக்க முடியாம எந்திச்சுப் போறாளோன்னு நெனச்சேன். அதான் பாயத் தூக்கிட்டுப் போனேன். ரெண்டு தடவ சோப்பு போட்டுக் குளிச்சும் பாத்தேன், கேட்டியா.”

மாடம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பின் பாதியில் அழுகையும் வந்தது. “நான் தடிச்சுப் போயி ஒங்களுக்கு எடைஞ்சலாயிட்டேன்னு நான் நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன்.”

“நல்ல கூத்து. எங்கிட்ட ஒரு வாக்கு சொன்னா என்ன?”

அப்போதுதான் அவள் பிள்ளையார் முன்னால் நினைத்துக்கொண்டதைச் சொன்னாள். உரக்கச் சொல்லும்போது அது சின்னதாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை. வெகுநேரம் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டு, “வலிச்சா வலிக்குன்னு சொல்லப்பிடாதுன்னு எந்தச் சாமி சொல்லும்?” என்று மட்டும் கேட்டார். மீதி இரவு அவர் சுவரில் சாய்ந்திருக்க, அவள் அவர்மேல் சாய்ந்து தூங்கினாள். வற்றல் நெடி அடித்தது. அது அவளுக்கு எப்போதும் பிடித்த நெடிதான்.

மறுநாள் ஓமனா டாக்டரிடம் போனார்கள். மாடம்மாளை முதல் மாதத்திலிருந்து பார்த்து வருகிற மலையாளத்து அம்மா. தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவார். “எந்தா மாடம்மா, இத்தர நாள் ஏன் பறயல்ல, ஏன் சொல்லல?” என்று கடிந்துகொண்டு, ரத்த அழுத்தம் பார்த்தார். தலைவலி உண்டா, கண் மங்குகிறதா, வலது விலாவுக்குக் கீழே வலி உண்டா, முகம் வீங்கியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றதும் முகம் தெளிந்தது.

“அப்போ பேடிக்க வேண்டாம், பயம் ஒண்ணுமில்ல. வயிறு மேல தள்ளுது, அமிலம் மேல வருது, அத்தரதான். கொறச்சு கொறச்சா, பல தடவையா சாப்பிடணும். புளி, காரம், எண்ணெயில பொரிச்சது ராத்திரி வேண்டாம். சாப்பிட்டு ரெண்டு மூணு மணிக்கூர் கழிஞ்சுதான் படுக்கணும். தலை பக்கம் கட்டில உயர்த்தி வைக்கணும், இடது பக்கம் சரிஞ்சு படுக்கணும். ஒரு மருந்து எழுதறேன். கடையில சோடா, அது இதுன்னு வாங்கிக் குடிக்கப்பிடாது.”

“ராத்திரி எப்ப சாப்பிடலாம்?” என்று கேட்டார் பகவதிப்பெருமாள்.

“விளக்கு வைக்கிற நேரத்துக்கு சாப்பிட்டா நல்லது.”

மாடம்மாளுக்கு மருந்தைவிட இதுதான் கசந்தது. அந்த நேரத்தில்தான் கடையில் கூட்டம் நெரியும். இனித் தனியாகத்தான் சாப்பிட வேண்டும் என்று எண்ணிக்கொண்டே வந்தாள். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. பழைய பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா?

அன்று பொழுது சாயும்போது குழைந்த சோறும் பருப்பும் புடலங்காய்க் கூட்டும் வைத்துக்கொண்டு அடுக்களையில் உட்கார்ந்தாள். கீழே லாரி வந்து நிற்கிற சத்தம், தராசுத் தட்டு இடிபடுகிற சத்தம். கை சோற்றில் இறங்கவில்லை. மரப்படி கிறீச்சிட்டது. பகவதிப்பெருமாள் தலையில் மல்லித் தூசியோடு நின்றார்.

“எனக்கும் ஒரு தட்டு போடு.”

“கடையில ஆள் நிக்குதுல்லா?”

“நிக்கட்டும். எம் பெண்டாட்டி சாப்பிடுகா, நானும் சாப்பிடப் போறேன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்.”

புளியில்லாத சாப்பாட்டை அவர் கொஞ்சம் முகம் கோணித்தான் விழுங்கினார். ஆனால் கடைக்கதை முழுசாக வந்தது. பிரசவம் வரைக்கும் அந்தி நேரத்தில் கடை அரைமணி நேரம் காத்திருந்தது. கொள்முதலுக்கு வந்தவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு, “அண்ணாச்சி சாப்பாட்டுக்குப் போயிருக்கார்” என்று அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் பலகைத் துண்டுகளை அவரே அடுக்கினார். ஆட்டிப் பார்த்து, ஏறி உட்கார்ந்து பார்த்து, அப்புறம்தான் அவளைப் படுக்கச் சொன்னார். பாயும் உள்ளே வந்தது, ஆனால் விரிக்கவில்லை. அவர் கட்டிலில்தான் படுத்தார்.

மாடம்மாள் இடது பக்கம் சரிந்து படுத்தாள். எரிச்சல் வருமென்று காத்திருந்தாள். ஒரு சின்னக் கதகதப்பு எழுந்தது. பாதி வழியில் களைத்துப்போய் நின்றது. ஜன்னல் வழியே மிளகு வாசனை மெதுவாக உள்ளே வந்து உட்கார்ந்தது. அறை லேசாக அசைவது போலிருந்தது. தான் ஒரு மலைச்சரிவில் படுத்திருப்பதாகவும், கீழே எங்கோ மேகம் தவழ்வதாகவும், மேகத்துக்கு நடுவில் யாரோ நிதானமாக அவள் பெயரைச் சொல்லி நடந்து வருவதாகவும் தோன்றியது. வருவது யார் என்று பார்ப்பதற்குள் தூங்கிவிட்டாள்.

விடியும்போது பகவதிப்பெருமாள் சரிவில் வழுக்கிக் கால்மாட்டுக்குப் போயிருந்தார். அவர் கால் இரண்டும் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

எரிச்சல் அதோடு ஒழிந்துபோகவில்லை. சில இரவுகளில் வந்தது. வந்தபோது அவரை எழுப்பி, “வந்திருக்கு” என்றாள். மருந்தை ஊற்றித் தருவார். இருவரும் அது இறங்கும்வரை ஜன்னலோரம் ஏதாவது பேசிக்கொண்டிருப்பார்கள்.

சித்திரையில் பெண் குழந்தை பிறந்தது. பிரசவித்த மறுநாள் பகவதிப்பெருமாள் காப்பித் தூக்கோடு ஆஸ்பத்திரி அறைக்குள் நுழைந்தபோது மாடம்மாள் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“இந்த ஃபேன் ராத்திரியெல்லாம் கடகடங்குது. மெத்தை ஒரு பக்கம் குழி. இடுப்பு கழண்டு போச்சு. நீங்க கொண்டுவந்த காப்பி ஆறிப்போயிருக்கும், பாக்காமலே தெரியுது.”

அவர் தூக்கைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“பொறவு?” என்றார். “இன்னும் என்னெல்லாம் உண்டு, சொல்லு.”