கெசட்டின் மற்றப் பக்கம்

என் தம்பி மசூருக்கும் பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பிலிருந்த கூட்டாளி குணத்துக்கும் என் புருஷன் ஜவுபருக்கும் சலாம், வணக்கமெல்லாம் கிடையாது. கண்டவுடன் "இப்ப என்ன பாட்டுக் கேக்கிறாய்?" என்பதுதான். பாட்டின் பெயரைச் சொன்னால் போதாது, பாட்டுப் பதிந்த கெசட் நாடாவைக் கையில் கொடுக்க வேண்டும். முதல் பக்கம் கொடுப்பவனுடையது. மற்றப் பக்கம் வாங்குபவனுடையது. அதில் தான் கேட்டுக்கொண்டிருக்கும் பாட்டுகளைப் பதிந்து அவன் திருப்பித் தருவான். குணத்துக்குப் பாண்டிருப்பில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடையே இருந்தது. வளர்ந்த ஆம்பிளைகள் சோறு தண்ணியை மறந்து இதற்காகத் திரிகிறார்களே என்று நான் ஏசாத நாளில்லை. ஏசிவிட்டு, அவர்கள் இல்லாத நேரம் எல்லாக் கெசட்டையும் நானும் போட்டுக் கேட்பேன்.

சவூதிக்குப் போன பிறகும் ஜவுபருக்கு இந்தப் பைத்தியம் விடவில்லை. எண்பத்தைந்தாம் ஆண்டு சித்திரையில், லீவில் வந்த ஒலுவில்காரர் ஒருவரிடம் கெசட் ஒன்று கொடுத்துவிட்டிருந்தார். "மச்சான் மசூர், குணத்துக்கும் சொல்லு. இப்ப நான் கேக்கிறது இதுதான்" என்று அவர் குரல் தொடங்கியது. பிறகு முழுக்க அரபுப் பாட்டு. மசூர் இரண்டு பாட்டைக் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டான். நான் வேலையோடு வேலையாகக் கடைசிவரை கேட்டேன். அந்தப் பக்கம் முடியும்போது, "சுபைறா, மற்றப் பக்கம் உனக்கு மட்டும். தனிய இரிந்து கேளு" என்றார்.

எங்கள் வீட்டில் தனிமைக்கு எங்கே போவது? உம்மா, பிள்ளை, வருவோர் போவோர். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம் மசூர் பள்ளிக்குப் போய்விடுவான், உம்மாவையும் மாமி வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று பார்த்திருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக மசூர் கெசட்டைத் தூக்கிக்கொண்டு குணத்திடம் ஓடிவிட்டான். கொடுத்துவிட்டு வந்தவனைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னைக் கேக்காம ஏன்டா எடுத்த?"

"பாட்டுக் கெசட்தானே ராத்தா. அடுத்த கிழமை வந்திரும்."

புருஷன் தனியாகக் கேட்கச் சொன்னார் என்று தம்பியிடம் எந்த வாயால் சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது. வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் தந்தி வந்தது. ரியாத்தில் லொறி மோதி ஜவுபர் மௌத். அங்கேயே அடக்கிவிட்டார்களாம். முகத்தைப் பார்க்கவும் கிடைக்கவில்லை. எனக்கு வெள்ளைச் சீலை உடுத்தி ஓர் அறைக்குள் இத்தாவில் உட்கார வைத்தார்கள். இனி நாலு மாதமும் பத்து நாளும் வாசல் தாண்டக் கூடாது, அந்நிய ஆணின் கண்ணில் படக் கூடாது.

அப்போது வெட்கமெல்லாம் எங்கே போனதோ, மசூரைக் கூப்பிட்டு மற்றப் பக்கத்தைப் பற்றிச் சொன்னேன். அவன் முகம் செத்துவிட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவன் போன வேகத்திலேயே திரும்பி வந்தான். கலவரம் தொடங்கியிருந்தது. பாண்டிருப்புப் பாதையில் டயர் எரிந்தது. நடந்து போகிற தூரம்தான். ஆனால் முஸ்லிம் அந்தப் பக்கம் போகவும் ஏலாது, தமிழன் இந்தப் பக்கம் வரவும் ஏலாது.

"கடைய எரிச்சிருப்பானுகளோ?"

"தெரியா ராத்தா."

"ஆரிட்டயாவது சொல்லி அனுப்பு."

"இந்த நேரம் ஆர் போவாங்க?"

யா அல்லாஹ், ஆளைத்தான் எடுத்துக்கொண்டாய், குரலையாவது விட்டுவை என்று அந்த அறைக்குள் கிடந்து அழுதேன். சோறு இறங்கவில்லை. என்ன சொல்லியிருப்பார்? வருகிறேன் என்றிருப்பாரா? பிள்ளையைப் பற்றியா? ஆசையாக ஏதாவதா? யாசீன் ஓத வந்த பெண்டுகள் "சபூர் செய் மகள், பொறுமையா இரி" என்றார்கள். அவர்களுக்கென்ன, சொல்லிவிட்டுப் புருஷன்மாரிடம் போய்விடுவார்கள்.

பாதை திறந்த அன்று குணமே வந்தார். முன்னறையில் அவர் அழுவது திரைக்குப் பின்னால் எனக்குக் கேட்டது. மசூர் கெசட்டைக் கொண்டுவந்து தந்தான். மற்றப் பக்கத்தைப் போட்டேன். பாட்டு. ஓடவிட்டுப் பார்த்தேன், பாட்டு. முடியும்வரை பாட்டு.

இத்தாவாவது மண்ணாவது. திரையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"குணம் அண்ணன், இதுல என்ட மனிசன் கதைச்சது இரிந்திச்சே. எங்க?"

"அந்நிய ஆம்பிளைக்கிட்ட கதைக்கப்படா மகள்," என்று உம்மா என் கையைப் பிடித்து இழுத்தார்.



"நான்தான் அழிச்சன் தங்கச்சி," என்றார் குணம். "பாட்டுப் பதிவம் எண்டு அந்தப் பக்கத்தப் போட்டா, உங்கட பேரைச் சொல்லிக் கதைக்கிறான். பெண்சாதிக்குச் சொல்ற கதை. கடையில நாலு பேர் வந்து போறாங்க. அப்பிடியே திருப்பித் தந்தா மசூர் போட்டுக் கேட்டிருவான். தம்பி கேக்கிற கதையா அது? உங்கட மானம் போயிரும் எண்டு உடனே அதுக்கு மேல பாட்டப் பதிஞ்சிட்டன். ஆள் உசிரோட இருக்கான், இன்னொண்டு அனுப்புவான் எண்டுதானே நினைச்சன்."

"எவ்வளவு கேட்டீங்க?"

"'சுபைறா, உனக்கிட்ட ஒண்டு சொல்லணும்' எண்டான். அவ்வளவுதான். சத்தியமா அதுக்கு மேல ஒரு சொல்லும் நான் கேக்கல்ல தங்கச்சி."

எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தார் போலும், ஒரு சொல்லும் கேட்கவில்லை, ஒரு சொல்லும் கேட்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் உம்மாவின் கையை உதறிவிட்டு, திரையை விலக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். அவர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்.

"முழுக்கக் கேட்டிருக்கலாமே அண்ணன்," என்றேன். "கேட்டிருந்தா இப்ப எனக்குச் சொல்லியிருப்பீங்களே."