காலி வண்டியை ஆட்டக் கூடாது

காலையில் எழுந்ததும் மோட்டார் போட்டேன். வாசலில் கிடந்த பால் பாக்கெட்டை எடுத்து வந்து, நுனியை வெட்டி, பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தேன். பொங்கியது. அணைத்தேன். ஒரு டம்ளர் காபி போட்டுக்கொண்டு மீதிப் பாலை ஃப்ரிட்ஜில் வைத்தேன். நேற்று மிஞ்சிய பாலை எடுத்துக் கொட்டினேன். பால்காரரிடம் கால் லிட்டர் போதும் என்று சொல்ல வேண்டும். தினமும் நினைப்பதுதான். தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டதும் மோட்டாரை நிறுத்தினேன். குளித்தேன். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயில் மணி அடித்தது. பூசைக்குப் போகவில்லை.

இன்றைக்கு ஒரு வேலை கூடுதல். ஹாலில் நின்ற குழந்தை வண்டியை மாடிப்படி வழியாக இறக்கினேன். கனமில்லை. கீழ் வீட்டுக்காரர் கேட்டைத் திறந்து பிடித்தார். வண்டிக்குள் ஒருமுறை பார்த்தார்.

என் மனைவி ஜெனி இறந்து மூன்று மாதம் முடிந்துவிட்டது. குழந்தைக்கும் அதே வயதுதான். சிதம்பரத்தில் என் மாமியார் ஞானமேரி வீட்டில் இருக்கிறாள். எங்கள் பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நாள் பார்த்து, தாயையும் பிள்ளையையும் புருஷன் வீட்டுக்கு அனுப்பிவைப்பார்கள். தாய் இல்லாமல் பிள்ளையை மட்டும் எப்படி அனுப்புவது, யார் போய்க் கேட்பது என்று இரண்டு வீட்டிலும் யாருக்கும் தெரியவில்லை. அத்தை பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. என் அக்கா ஜோதி மேரி மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து தினமும் வந்து பகலில் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். சிப்காட் கெமிக்கல் கம்பெனியில் எனக்குப் பகல் ஷிப்ட் மட்டும் போட்டுத் தருவதாக மேனேஜரும் சொல்லிவிட்டார். நான் கேட்டால் குழந்தை கடலூருக்கு வரும். கேட்காவிட்டால் அங்கேயே வளரும். அவ்வளவுதான் விஷயம்.

ஒவ்வொரு ஞாயிறும் போவேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவேன். சேலைத் தொட்டிலுக்குள் ஒரு கை மட்டும் மேலே வந்து காற்றில் எதையோ பிடித்துவிட்டுக் கீழே போகும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தூக்குறீங்களா தம்பி என்று அத்தை கேட்பார். கழுத்து நிற்கட்டும் என்பேன். போன வாரம், கழுத்து நின்றுவிட்டது என்று அவராகவே சொன்னார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒருவர் குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தேன். மணல் தொடங்கும் இடம் வரைக்கும் போவார், திருப்புவார், மறுபடி போவார். குழந்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் ஏதோ பாட்டு முணுமுணுத்தார். தள்ளலாம், தூக்க வேண்டாம் என்று தோன்றியது. அந்த நினைப்பு வாரம் முழுக்கக் கூடவே இருந்தது.

நேற்று லாரன்ஸ் ரோட்டுக் கடைக்குப் போனேன். ஜெனியின் ஏழாம் மாதத்தில் நாங்கள் இருவரும் போன கடைதான். குழந்தை பிறக்கும் முன்னே அதற்கென்று எதையும் வாங்கக் கூடாது என்று அத்தை சொல்லியிருந்தார். வாங்கத்தானே கூடாது, பார்க்கலாமே என்று ஜெனி என்னை இழுத்துக்கொண்டு போனாள். அவளுடைய அப்பா சிதம்பரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். அவர் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கோட்டம் எடுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவள். விலை அட்டையையோ துணியின் நிறத்தையோ அவள் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு வண்டியையும் வரிசையிலிருந்து வெளியே இழுத்து, ஒரே ஒரு விரலால் தள்ளிவிட்டாள். வழவழப்பான தரையில் அது தானாக ஓடும். இவள் இடுப்பில் கைவைத்து நின்று, டைல்ஸ் கோட்டை ஒட்டி நேராகப் போகிறதா, பக்கவாட்டில் ஒதுங்குகிறதா என்று பார்ப்பாள். கடை முழுக்க காலி வண்டிகள் மெல்ல ஓடிக்கொண்டிருந்தன. கைப்பிடியை மாற்றிப் போட்டால் குழந்தை ரோட்டையும் பார்க்கலாம், நம்மையும் பார்க்கலாம் என்று ஒரு மாடலைக் கடைக்காரர் காட்டினார்.

“ரோட்டப் பாத்தா லாரியப் பாத்து பயப்படும் மாமா” என்றாள்.

“நம்மளப் பாத்தா?”

“உங்களப் பாத்தா இன்னும் ஜாஸ்தி பயப்படும். பரவால்ல, பழகிக்கும்.”

நேற்று அதே கடைக்காரர். என்னை நினைவில்லை. மூன்று சக்கரம், நான்கு சக்கரம், குடை மாதிரி மடங்குவது, கார் சீட்டாக மாறுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். எல்லாவற்றிலும் குழந்தை சிரிக்கிற படம் ஒட்டியிருந்தது. பிறகு, “மேடம் வரலையா சார்? அவுங்கதான கரெக்டா செலக்ட் பண்ணுவாங்க” என்றார்.

“அவுங்க ஏற்கெனவே பாத்துட்டாங்க” என்றேன்.

கைப்பிடி மாறுகிற வண்டியை வெளியே இழுத்து விரலால் தள்ளினேன். நேராகப் போய்ச் சுவரில் முட்டி நின்றது. பில் போடச் சொன்னேன்.

திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் பாசஞ்சர் வந்ததும் வண்டியை மடிக்காமலே ஏற்றினேன். மடிக்கிற பொத்தான் எது என்று மறந்துவிட்டது. முதுநகரில் கூட்டம் இறங்கியது. பிறகு பெட்டியில் ஏழெட்டுப் பேர்தான். ஜன்னல் வழியாக வெயில் கட்டம் கட்டமாக உள்ளே விழுந்து, சீட்டு, தரை, வண்டி என்று நகர்ந்துகொண்டிருந்தது. ஆலப்பாக்கம் தாண்டியதும் காற்றில் உப்பு. ரயில் வளையும்போது வண்டி தானாக இரண்டடி போகும். நிமிரும்போது திரும்பி வரும். அதன் போக்குக்கு நானும் கையை வைத்து முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கண் திறந்துதான் இருந்தது. எதிரே ஜெனி உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துத் தோலைத் தன் மடியிலேயே போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இப்படி அடிக்கடி வருகிறாள். பேசுவதில்லை.

“தம்பி, காலி வண்டிய ஆட்டக் கூடாது.”

பக்கத்து சீட்டில் ஒரு பெண். தோளில் தூங்குகிற குழந்தை. காலடியில் ஒரு கட்டைப்பை.

“காலித் தொட்டில ஆட்டுனா புள்ளைக்கி ஆவாது. வண்டியும் அதான. கொழந்த எங்க?”

“சிதம்பரத்துல.”

“அவுங்கம்மாகிட்டயா?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் காத்திருக்கவில்லை. “என் தோளு கழண்டு போச்சி. புதுச்சத்திரம் வரைக்கும் இவன படுக்க வெக்கிறேன். உனுக்கும் ஆட்டுன மாதிரி இருக்கும்” என்றார். சொல்லிக்கொண்டே வைத்துவிட்டார்.

கறுப்பு மை வைத்த, நெற்றி வியர்த்த குழந்தை. யாருடைய குழந்தையோ. இப்போது வண்டி தானாக ஓடவில்லை. கனம் வந்துவிட்டது. நான் தள்ளினேன், இழுத்தேன். அது வாயை ஒருமுறை சப்பியது. அந்தப் பெண் ஜன்னலில் தலை சாய்த்து உடனே தூங்கிப்போனார். முன்பின் தெரியாத என்னை நம்பி எப்படித் தூங்குகிறார் என்று நினைத்தேன். புதுச்சத்திரம் வந்தது. நான்தான் எழுப்பினேன். அவர் குழந்தையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார். மெத்தையில் தலை இருந்த இடம் குழிந்திருந்தது. கையை வைத்தேன். சூடாக இருந்தது. வெள்ளாற்றுப் பாலத்தில் ரயில் மெதுவாகப் போனது. கீழே தண்ணீர் அசையாமல் கிடந்தது. இந்த முறை வண்டியை ஆட்டவில்லை. நகராமல் பிடித்துக்கொண்டேன்.

தெற்கு வீதியிலிருந்து பிரிகிற சந்தில் அத்தையின் வீடு. வாசலிலேயே ஜெனியின் அண்ணன் தைரியராஜ் ஒரு பைக்கைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அப்பாவின் சைக்கிள் கடையில் இப்போது பைக் சர்வீஸ் பார்க்கிறார். ஞாயிறன்று வேலை வீட்டுக்கு வந்துவிடும்.

“என்ன மாப்ள, தள்ளுவண்டி? இட்லி கடை போடப் போறீங்களா?” என்றார். சிரித்தார். பிறகு வண்டியை இன்னொரு முறை பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

அத்தை உள்ளேயிருந்து வந்தார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றிப் பார்த்தார். மெத்தையை அழுத்திப் பார்த்தார். நல்ல வண்டி என்றார். அவருடைய முகத்தில் நிம்மதி மாதிரியும் இருந்தது, யாரோ அடித்த மாதிரியும் இருந்தது.

“நல்லதுதான் தம்பி. எனக்கும் அவள வுட்டா யாரு இருக்கா. நீங்க வாரா வாரம் வந்து பாத்துட்டுப் போங்க.”

காபி போடுவதாக உள்ளே போய்விட்டார். எனக்குப் புரியவில்லை. தைரியராஜ் என்னைச் சந்துக்கு அழைத்துப் போய் மெதுவாகச் சொன்னார். தொட்டில், வண்டி, வெள்ளிக் கொலுசு எல்லாம் பிள்ளையை அனுப்பும்போது தாய்வீட்டார் சீராகத் தருவது. அதைத் தகப்பனே வாங்கி இங்கே கொண்டுவந்து விட்டால், பிள்ளை இங்கேயே இருக்கட்டும் என்று சொல்வதுபோல.

“அம்மா ஸ்டீல் தொட்டில் வாங்கி பீரோ பின்னாடி வெச்சிருக்காங்க மாப்ள. பிரிக்கக்கூட இல்ல. நீங்க என்னிக்கி கேப்பீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தாங்க. கேக்கக் கூடாதுன்னும் வேண்டிக்கிட்டாங்க. ரெண்டும்தான்.”

உள்ளே போனேன். அத்தை அடுப்பருகில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அவர் அணைக்கவில்லை. நான் கையை நீட்டி அணைத்தேன்.

“அத்த, வண்டி இங்க வெக்கறதுக்கு இல்ல. பாப்பாவ கடலூருக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு.”

அவர் திரும்பாமலே வழிந்த பாலைத் துணியால் ஒற்றி எடுத்தார். துணியைப் பிழிந்தார்.

“ஒரு தடவ கூட நீங்க அவளத் தூக்கல” என்றார். “எப்புடிக் கூட்டிட்டுப் போவீங்க?”

தள்ளிக்கொண்டு போவேன் என்று வாய் வரைக்கும் வந்தது. அது எவ்வளவு அபத்தம் என்று அந்த நேரத்தில்தான் தெரிந்தது. வண்டியில் வைப்பதற்கும் தூக்கத்தான் வேண்டும். வண்டியிலிருந்து எடுப்பதற்கும் தூக்கத்தான் வேண்டும். ஒரு வாரம் யோசித்து, வேதியியல் படித்தவன், இதை யோசிக்கவில்லை.

சேலைத் தொட்டிலின் அருகே போனேன். விழித்துக்கொண்டுதான் இருந்தாள். துணியை விலக்கியதும் முகத்தில் வெளிச்சம் பட்டுக் கண்ணைச் சுருக்கினாள். எங்கே கை கொடுப்பது என்று தெரியாமல் நின்றேன். அத்தை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து இரண்டு கையையும் அடியில் கொடுத்து எடுத்தேன். எடுத்ததும் அவள் தலை பின்னால் போய், பிறகு தானாக நிமிர்ந்து நின்றது. என் சட்டைப் பொத்தானைப் பிடித்தாள். பால் வாசனை, பவுடர் வாசனை, அதற்கடியில் வேறு ஒரு வாசனை. அது எனக்குத் தெரிந்த வாசனை.

பிறகு நாங்கள் மூவரும் தெற்கு வீதிக்கு வந்தோம். தேர் திரும்ப வேண்டும் என்பதற்காக அகலமாக விட்ட வீதி. மதியம் என்பதால் பாதிக் கடை மூடியிருந்தது. பிள்ளை என்னைப் பார்த்தபடி படுத்திருந்தாள். பயப்படவில்லை. அல்லது பழகிக்கொண்டிருந்தாள். அத்தை வண்டியின் விளிம்பில் ஒரு கை வைத்துக் கூடவே நடந்தார். பிள்ளையை என்றைக்குக் கூட்டிப்போக வருவீர்கள் என்று கேட்கவில்லை. தொட்டிலை எப்படி ரயிலில் கொண்டுபோவது என்று மட்டும் ஒருமுறை தனக்குள் சொல்லிக்கொண்டார். வீதி முனையில் ஒரு கல்லில் பட்டு முன்சக்கரம் ஒதுங்கியது. நான் ஒரு கையால் சட்டத்தைப் பிடித்து நேராக்கினேன்.

அத்தை நின்றார். பாப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் ஜெனி போனாள் என்று துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னவர் அவர். நான் அதை மறுத்ததும் இல்லை, ஆமாம் என்றதும் இல்லை.

“நெசமா கடைசியா என்ன தம்பி சொன்னா? எனக்கு மட்டும் சொல்லுங்க.”

வண்டியைத் தள்ளிக்கொண்டே சொன்னேன். ஆஸ்பத்திரி வராந்தா. ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிற வழி. மேலே ட்யூப் லைட்டுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போகின்றன. ஸ்ட்ரெச்சர் கடகடவென்று ஒரு பக்கமாகவே ஒதுங்குகிறது. தள்ளுகிறவர் ஒவ்வொரு முறையும் இழுத்து நேராக்குகிறார். வலியிலும் அவள் தலையை லேசாகத் தூக்கி, காது கொடுத்துக் கேட்டாள். பிறகு கதவுக்கு முன்னால் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

“முன்சக்கரம் இழுக்குது மாமா. நேரா போவாது. நீங்க ஒரு பக்கம் புடிச்சிக்குங்க.”