காரணம் கேட்கிற வீடு

ஜவுளிக் கடையில் துணி மாற்றித் தரும் கவுண்டர் என்று ஒன்று உண்டே, அங்கே நிற்பதற்குத் தனி மனசு வேண்டும். வாங்கிப்போன துணியைத் துவைத்து, கிழித்து, பில்லையும் தொலைத்துவிட்டு வருவார்கள். கோபம் மட்டும் புத்தம் புதுசாக இருக்கும். அங்கேதான் சின்னவள் வேலை பார்க்கிறாள். வீட்டுக்கு இளையவள் என்று பிறந்த வீட்டில் ஒட்டிய பெயர், புகுந்த வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. வந்தவர் வாயைத் திறப்பதற்குள் "தப்பு எங்க மேலதாங்க, மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிடுவாள். யார் மேல் தப்பு என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முறைத்துக்கொண்டு வந்தவர்களே "பரவாயில்லம்மா" என்று இறங்கிவிடுவார்கள். நல்ல வித்தைதான். ஆனால் கடையிலேயே விட்டுவிட்டு வர வேண்டிய வித்தை.

அவள் புருஷனுக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. அவனிடமும் ஒரு வித்தை உண்டு. லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது என்று அலறிக் கூப்பிடுவார்கள். இவன் போய்ப் பார்த்தால் சமர்த்தாக ஏறும், சமர்த்தாக இறங்கும். எல்லாவற்றையும் திறந்து பார்த்தாலும் ஒரு கோளாறும் இருக்காது. "ஒண்ணும் இல்லீங்க" என்றால் எவன் விடுவான்? "அப்புறம் ஏன்யா நின்னுச்சு?" என்று சட்டையைப் பிடிக்காத குறைதான். அதனால் "கதவு சென்சார்ல தூசிங்க, துடைச்சுட்டேன்" என்பான். எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். மனுஷனுக்குக் காரணம் என்று ஒன்று கிடைத்தால் போதும், அது நிஜமா என்று யார் உரசிப் பார்க்கிறார்கள்!

இவர்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். குழந்தை இல்லை.

டாக்டரம்மா தங்கமானவர். "பொண்டாட்டியை மட்டும் குடைஞ்சுட்டு, புருஷனை வெளிய உக்கார வைக்கிற வேலை என்கிட்ட கிடையாது" என்று முதல் நாளே சொல்லி, இரண்டு பேருக்கும் சோதனை எழுதினார். எல்லாம் சரியாக இருந்தது. கருமுட்டை, கருக்குழாய், விந்தணு, ரத்தம் எதிலும் குறை இல்லை. "சில ஜோடிகளுக்கு எவ்வளவு தேடினாலும் காரணம் கிடைக்காது. அது உங்க ரெண்டு பேர் தப்பும் இல்ல" என்றார். அவன் சிகரெட்டை விட்டான். அவள் மறக்காமல் ஃபோலிக் ஆசிட் மாத்திரை போட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து நடந்தார்கள், நேரத்துக்குத் தூங்கினார்கள். அதற்கப்புறம் ஊசி, ஸ்கேன், முட்டையை எடுத்து வெளியே கருவாக்கி உள்ளே வைக்கிற சிகிச்சை. இரண்டு தடவை வைத்தார்கள். இரண்டு தடவையும் தங்கவில்லை.

மூன்றாவது தடவைக்கு வருகிறோம் என்று திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணிச் சொல்ல வேண்டும். சின்னவளுக்கு வேண்டாம். உடம்பு கெஞ்சியது. ஊசி போட்டுப் போட்டு வயிறெல்லாம் கன்றிப்போய், ராத்திரி திரும்பிப் படுக்கவே யோசிக்க வேண்டியிருந்தது. "ஒரு ஆறு மாசம் விட்டுட்டு வந்தாலும் ஒண்ணும் கெட்டுப் போயிடாதும்மா, நீங்கதான் முடிவு பண்ணணும்" என்று டாக்டரம்மாவே சொல்லியிருந்தார். ஆனால் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் இல்லை. அந்த வாயை அவளே அடைத்துக்கொண்டிருந்தாள்.

நடந்தது இதுதான். போன வருஷம் ஒரு சாயங்காலம் மாமியார் துணி மடித்துக்கொண்டிருந்தவள், திடீரென்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "சின்ன வயசுல அவனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துச்சும்மா. படுக்க வைடி, இல்லேன்னா பின்னால புள்ளை பொறக்கறதுக்கே ஆகாதுன்னு எல்லாரும் சொன்னாங்க. வேலைக்குப் போற அவசரத்துல நான் கவனிக்காம விட்டுட்டேன். அதனாலதான் இப்படியோ?" என்று கேட்டாள். ஒரு தாய் இத்தனை வருஷம் இதை உள்ளுக்குள் போட்டுப் புழுங்கியிருக்கிறாள். சின்னவளுக்குத் தாங்கவில்லை. கவுண்டரில் நிற்கிற வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இல்லத்தே, அவர்கிட்ட ஒண்ணும் இல்ல. குறை எங்கிட்டதான்."

அவ்வளவுதான். மாமியார் அவளைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. திட்டவில்லை, கரிசனம் காட்டினாள். வாளியைத் தூக்க விடமாட்டாள். பாலை ஆற்றிக் கையில் கொடுப்பாள். பக்கத்து வீட்டம்மா ஏதாவது கேட்டால், "அது என்ன பண்ணும் பாவம்" என்று குரலைத் தாழ்த்துவாள். அந்தப் பாவத்தைக் கேட்கக் கேட்க, தான் சொன்ன பொய்யைச் சின்னவளே நம்ப ஆரம்பித்துவிட்டாள். எல்லாம் சரி என்று எழுதிக் கொடுத்த சோதனை முடிவு அலமாரியில் இருக்க, கண்ணாடி முன்னால் நின்று, "என்கிட்டதான் என்னமோ இருக்கு" என்று முணுமுணுப்பாள். குறையுள்ளவள் எப்படி வேண்டாம் என்று சொல்வது?

இப்படி இருக்கையில் ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா வந்து சேர்ந்தாள், கையில் ஒரு பை பாதாமோடு. செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "மாப்பிள்ளை, இது உங்களுக்கு. ஃபோனைப் பேன்ட் பையில வைக்காதீங்கன்னு சொன்னேனே, மறுபடியும் வெச்சிருக்கீங்க பாருங்க" என்றாள். அவன் திருதிருவென்று விழித்துக்கொண்டே ஃபோனை எடுத்து மேஜையில் வைத்தான். தன் அம்மா மாப்பிள்ளையை இப்படித் தாங்குகிறாளே என்று சின்னவளுக்கு வெகு நாளாகவே ஆச்சரியம்.

சாப்பிட்டு முடித்து நான்கு பேரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். சின்னவளின் அம்மா தொண்டையைச் செருமினாள்.

"சம்பந்தி, நீங்க எதையும் மனசுல வெச்சுக்காதீங்க. எங்க பக்கத்துலேருந்து ஒரு சொல் வராது. எம்பொண்ணு மாப்பிள்ளையைக் கடைசி வரைக்கும் நல்லா பாத்துப்பா."

மாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பெருந்தன்மையில் யாருக்கும் சளைத்தவள் இல்லை. "நான்தான் அதைச் சொல்லணும் சம்பந்தி. உங்க பொண்ணை நான் எம்பொண்ணாட்டம் வெச்சிருக்கேன். எங்களுக்கு இதுல துளி வருத்தம் இல்ல. எம்பிள்ளையும் வேற நினைப்பே இல்லாதவன்."

"அவர் எதுக்கு வேற நினைக்கணும்?"

"இல்ல, ஊர்ல நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. நான் இடம் கொடுக்கலைன்னு சொல்றேன்."

"குறை உங்க பையன்கிட்ட இருக்கு. நீங்க என்ன சம்பந்தி இடம் கொடுக்கறது?"

 மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. 

"எம்பிள்ளைக்கா குறை? யார் சொன்னது?" மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"உங்க பிள்ளையே சொன்னாரு. எங்க வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு."

"உங்க பொண்ணு எங்கிட்ட அவளுக்குத்தான்னு சொன்னா. இதே வீட்ல உக்காந்துக்கிட்டு."

இரண்டு அம்மாக்களும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். புருஷனும் பெண்டாட்டியும் திருட்டு முழி முழித்து, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நீயுமா என்று அவள் கண் கேட்டது, நீயுமா என்று அவன் கண் கேட்டது.

அவன்தான் முதலில் வாயைத் திறந்தான். "அத்தை அன்னிக்கு அழுதாங்க. மேல படிக்க வெச்சு கல்யாணத்தைத் தள்ளிப் போட்டேன், எம்பொண்ணு வயித்துல நானே மண்ணைப் போட்டுட்டேன்னு. என்னால பாக்க முடியல. எங்கிட்டதான் கோளாறுன்னு சொல்லிட்டேன். அழுகையை நிறுத்திட்டாங்க." கொஞ்சம் தயங்கினான். "லிஃப்ட்டுக்குச் சொல்ற மாதிரி சொல்லிட்டேன்."

"நீயும்தானாடி?" என்றாள் அம்மா. சின்னவள் பொன்னுக்கு வீங்கி கதையைச் சொன்னாள். சொல்லச் சொல்ல மாமியார் தலை குனிந்துகொண்டே போனது.

"சரி, அதெல்லாம் போகட்டும்" என்றாள் மாமியார். "அப்போ நிஜமா யார்கிட்டதான் குறை?"

"யார்கிட்டயும் இல்லத்தே."

"அதெப்படி? ஏதாவது ஒண்ணு இருக்கணுமே."

"டாக்டருக்கே தெரியலம்மா" என்றான் அவன்.

 பிடித்துக்கொள்ள ஆளுக்கொரு குறை இருந்த வரைக்கும் இரண்டு அம்மாக்களுக்கும் தூக்கம் வந்தது. இப்போது கையில் ஒன்றுமே இல்லை. பாவம், அவர்கள் மேலும் தப்பு சொல்ல முடியாது.

"எப்படியோ, அடுத்த மாசம் வைக்கப் போறாங்கல்ல, இந்தத் தடவை நல்லபடியா நிக்கும்" என்று சின்னவளின் அம்மா பேச்சை மாற்றினாள்.

"நான் போகலம்மா."

குரல் தன்னுடையதுதானா என்று சின்னவளுக்கே சந்தேகமாக இருந்தது. இவ்வளவு நாள் மென்று முழுங்கியது ஒரேயடியாக வெளியே வந்தது. "என்னால முடியல. உடம்பு வலி மட்டும் இல்ல. ஒவ்வொரு தடவையும் ரத்தம் பட்டதும் பாத்ரூம்ல உக்காந்து, முதல்ல இவர்கிட்ட எப்படிச் சொல்றது, அப்புறம் அத்தைகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் யோசிப்பேன். அழறதுக்குக்கூட அப்புறம்தான் நேரம் கிடைக்கும்."

"முதல்லயே சொல்றதுக்கென்னடி?"

"குறை என்னுதுன்னு சொல்லிட்டேனே. அதுக்கப்புறம் எப்படி வேணாம்னு சொல்றது?"

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் ஒவ்வொரு ஊசிக்கும் நிறுத்திடலாம்னு சொல்ல நினைப்பேன்" என்றான். "ஆனா உனக்குப் புள்ளை வேணும்னு இருக்கும்போது, நான் எந்த மூஞ்சியோட நிறுத்தச் சொல்றது? எங்கிட்டதான் ஏதோ இருக்குன்னு எனக்கே தோண ஆரம்பிச்சிடுச்சு."

"உங்களுக்குமா?"

அவன் தலையாட்டினான். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு இரண்டு பேரும் தனித்தனியாகக் குற்றவாளியாக இருந்திருக்கிறார்கள், ஒரு குற்றமும் செய்யாமல்.

"உனக்குக் குழந்தை வேணாமா?" என்று அவன் மெதுவாகக் கேட்டான்.

"வேணும். ரொம்ப வேணும். ஆனா கொஞ்ச நாளைக்கு என் உடம்பு எனக்கே வேணும்."

 அவள் மாமியாரைப் பார்த்தாள். பேரப்பிள்ளைக்காக அந்த வீட்டில் அதிகம் ஏங்கியவள் அவள்தான். அலமாரி மேல்தட்டில் யாருக்கும் தெரியாமல் மெல்லிய பருத்தித் துணியாகப் பார்த்து அவள் சேர்த்து வைத்திருப்பது சின்னவளுக்குத் தெரியும்.  மாமியார் கண்ணில் நீர் தளும்பியது. அதை மறைக்கவும் இல்லை.

"நாளைக்கு ஃபோன் பண்ணி, இப்ப வரலைன்னு சொல்லிடு" என்றாள். "எப்ப தோணுதோ அப்ப போங்க. தோணலைன்னா விடுங்க."

"பக்கத்து வீட்டம்மா கேப்பாங்களே அத்தே. நீங்க என்ன சொல்வீங்க?"

மாமியார் யோசித்தாள். அவள் வாயில் இந்நேரம் நாலு காரணம் வந்து நின்றிருக்கும் என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

"ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள். "கேக்கறவங்க கேட்டுட்டுப் போகட்டும்."