ஆனந்தன் போட்ட பூட்டு

பொழுது விடியும் முன்பே அம்பத்தூர் எஸ்டேட்டின் அந்த ஷெட்டில் பிரஸ் மிஷின்கள் இரும்பை அறையத் தொடங்கிவிடும். வெட்டி விழுந்த தகடுகளின் பிசிறை அரத்தால் ராவிக்கொண்டிருந்தாள் வடிவு. இரும்புத்தூள் நகக்கண்ணில் ஏறி எரிந்தது. எரியட்டும், வயிற்றெரிச்சலுக்கு இது எவ்வளவோ தேவலை.

அவள் புருஷன் ஆனந்தனும் இங்கேதான் வேலை செய்தான். மிஷினில் கை நசுங்காமலிருக்கத் தடுப்பு கேட்டான், சங்கம் வைக்கலாம் என்றான். போன வாரம், அவள் காய்ச்சலில் படுத்திருந்த நாளில், மஃப்டி போலீஸ் ஷெட்டுக்குள்ளேயே வந்து அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனது. அதைப் பார்த்த பக்கத்து மிஷின்காரன் எத்திராஜ் அவள் காதோடு சொல்லிவிட்டு, "என் பேர மட்டும் இஸ்துடாத வடிவு, புள்ளைங்க கீது" என்று கும்பிட்டான்.

ஸ்டேஷனில், "அப்படி யாரையும் நாங்க கூட்டிட்டு வரலை. எவளோடயாவது போயிருப்பான்" என்று சிரித்தார்கள். பாவிகள், சிரித்தார்கள்.

வக்கீல் கிருஷ்ணப்பிரியா ஆட்கொணர்வு மனு போடத் தயாராக இருந்தார். "போலீஸ் பிடிச்சுட்டுப் போன ஆளுக்கு அரசாங்கம்தான் பதில் சொல்லணும்க்கா. ஆனா அவங்க பிடிக்கவே இல்லைங்கறாங்களே. பாத்தேன்னு சொல்ல ஆள் வேணும்" என்றார்.

அந்த ஆள்தான் கிடைக்கவில்லை.

அன்று காலை முதலாளி ஹேமநாதனே உள்ளே வந்தார். ஆனந்தனின் மிஷின் அவனைக் கொண்டுபோன நாளிலிருந்து நின்றேதான் கிடக்கிறது. தகட்டை வெட்டும் அச்சை மாற்றுகிறவன் மெயின் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே கைவிடுவான். போட்டவனைத் தவிர வேறு யாரும் அதைத் தொடமாட்டார்கள். ஓர் உயிர் அதை நம்பி உள்ளே இருக்கும். ஆனந்தன் பேர் எழுதிய பூட்டு இன்னும் தொங்கியது.

"எத்திராஜ், கட்டர எடுத்து வெட்டு. ஆர்டர் நிக்குது."

"பூட்னவன் வரட்டும் சார்."

"அவன் எங்க வரப்போறான்? அன்னிக்கு வேலைக்கே வரலைன்னு போலீஸ்ல சொல்லிட்டேன்."

வடிவு அரத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"வேலைக்கே வரலன்னா இந்தப் பூட்ட யார் சார் போட்டது? முந்தின நாளு ராத்திரி வரைக்கும் ஓடின மிஷினாச்சே?"

அவள் மற்றவர்கள் பக்கம் திரும்பினாள்.

"உங்க கையும் போவக்கூடாதுன்னுதானே என் ஊட்டுக்காரு கேட்டாரு? உசுரோட கீறாரா இல்லியான்னு தெரியாம நான் எப்டி ஊட்ல சோறாக்குறது?"

எத்திராஜ் தன் மிஷினை நிறுத்தினான்.

"நான் பாத்தேன் சார். உள்ள பூந்து சட்டயப் புட்ச்சி இஸ்துகினு போனாங்க. நீங்கதான் அவன காட்டிக் குட்த்தீங்க. கோர்ட்ல சொல்றேன்."

"வெளிய போடா!"

"நானும் பாத்தேன்," என்றாள் கூட்டிப் பெருக்கும் சாவித்திரி. கடைசி மூலையில் ஜஸ்டின் சுவிட்சை அணைத்தான். பிறகு ஒவ்வொன்றாக எல்லா மிஷின்களும் நின்றன.

ஆனந்தன் எந்த இருட்டறையில் கிடக்கிறானோ, உயிரோடுதான் இருக்கிறானா என்பதே தெரியாது. நாளைக்கு இவர்களுக்கு வேலை இருக்குமா, அதுவும் தெரியாது. ஆனாலும் எல்லோரும் கேட்டைத் தாண்டி நடந்தார்கள். இத்தனை நாள் இறுகிப்போயிருந்த வடிவு நடுரோட்டில் வாய்விட்டு அழுதாள்.

சாவித்திரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழுதுகினே நடடி. கோர்ட்டு தொறந்துடும்."