பக்கத்து மேசையில் என் கதை

வெள்ளையாக நிற்கிறது திரை, படம் ஒன்றும் இல்லை, படம் போட மறந்துவிட்டார்கள் என்று முதல் தடவை வந்தபோது நினைத்தேன், மறக்கவில்லை, கடைசிப் படம் எப்போதும் வெறும் வெள்ளைதான், அதைப் பார்த்து உன் மனத்தில் வருகிற கதையை எழுது என்பார்கள், நான்கு நிமிடம், பிறகு மணி, எழுதியதைப் படித்துவிட்டு நீ பட்டாளத்தில் அதிகாரியாக லாயக்கா இல்லையா என்று ஒருவர் முடிவு சொல்வார், அவர் முகத்தை நாம் பார்க்கப்போவதே இல்லை, என் பேனா தாளின்மேல் அப்படியே நிற்கிறது, பக்கத்து மேசையில் ஜெனிட்டாவின் பேனா சரசரவென்று ஓடுகிறது, அவள் என்ன எழுதுகிறாள் என்று எட்டிப் பார்க்க வேண்டியதில்லை, எனக்குத் தெரியும், அது என் கதை, நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

பாளையங்கோட்டையில் எங்கள் கல்லூரி, என்.சி.சி. அறைக்குப் பின்பக்கம் சிமென்ட் மேடை, சனிக்கிழமை பரேடு முடிந்து பூட்ஸைக் கழற்றிக் காயப்போட்டுவிட்டு என்னைச் சுற்றி உட்காருவார்கள் பிள்ளைகள், நான் படித்து முடித்துப் போன பிறகும் சனிக்கிழமை தவறாமல் வருவேன், அதிகாரித் தேர்வுக்குப் போய் நாலு தடவை திரும்பி வந்தவள், எனக்கென்ன தகுதி பாடம் நடத்த என்று கேட்கலாம், ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் என்ன நடக்கிறது என்று எங்கள் ஊரில் வேறு யாருக்குத் தெரியும், தேறினவள் பயிற்சிக்குப் போய்விடுவாள், திரும்பி வந்தவள்தானே வழி சொல்ல முடியும், சொன்னேன், என்ன படம் வந்தாலும் ஒரு மாணவி இருப்பாள், அவள் ஒரு பிரச்சினையைப் பார்ப்பாள், நண்பர்களைக் கூட்டுவாள், முடித்துவிடுவாள், தண்ணீர் தெரிந்தால் வெள்ளம், வாழைமரத்தில் தெப்பம் கட்டி ஊரைக் காப்பாற்று, படுக்கை தெரிந்தால் ஆஸ்பத்திரி, ரத்தம் கொடுக்க ஆள் திரட்டு, வெறும் வெள்ளை வந்தால் பஸ் இல்லாத ஊர், கலெக்டரிடம் மனு, பஸ் வந்துவிடும், மாலை போடு, முடிவு கட்டாயம் வேண்டும், முடியாத கதைக்கு மார்க்கே கிடையாது. எக்கா, நம்ம கதையில யாருமே அழ மாட்டாங்களா என்று கேட்டாள் ஜெனிட்டா, உவரிக்காரி, கடற்கரைப் பிள்ளை, இரண்டாம் வருடம் என்.சி.சி.யில் சேர்ந்ததிலிருந்து என் பின்னாலேயே திரிந்தவள். அழுதா மார்க் போயிரும்ட்டி என்றேன், எல்லோரும் சிரித்தார்கள். அந்த மேடையில் உட்கார்ந்து படித்தவர்களில் சிலர் இன்று தோளில் நட்சத்திரம் வைத்துக்கொண்டு போட்டோ அனுப்புகிறார்கள், எல்லாம் ஒங்களாலதான்க்கா என்று எழுதுகிறார்கள், நான் ஒரு சிவப்பு இதயத்தைத் தட்டி அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைப்பேன், வயிறு எரியும், எரிந்தது, அதை என்ன மூடி மறைக்க.

ஏன் இந்தப் பாடு என்று அம்மா கேட்பாள், என்னத்தச் சொல்ல அவளிடம், எங்கள் வீட்டில் நான் வாய் திறந்தால் முதலில் வருவது மெல்லப் பேசுட்டி, தெருவுக்கே கேக்குது, சிரித்தாலும் அதுதான், கூப்பிட்டாலும் அதுதான், எனக்கு இயற்கையிலேயே கட்டைத் தொண்டை, பெரிய தொண்டை, நான் என்ன செய்ய, பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் கடைசி வரிசையில் நிறுத்தி உதட்டை மட்டும் அசைக்கச் சொன்னாள், அப்படியே உதட்டை அசைத்து வளர்ந்தவளைக் கல்லூரி மைதானத்தில் உஸ்தாத் நிறுத்துகிறார், எங்களுக்குப் பயிற்சி கொடுத்த ராணுவ சுபேதார், வடக்கத்தி ஆள், அரைகுறைத் தமிழ், ஒவ்வொருத்தியாய் அந்தக் கோடியிலிருந்து கட்டளை கொடுக்கச் சொல்கிறார், பயந்த பிள்ளைகள் கிசுகிசுவென்று சொல்ல ஒருவருக்கும் கேட்கவில்லை, என் முறை வருகிறது, கண்ணை மூடிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கத்துகிறேன், பரேட், சாவ்தான், விறைத்து நில் என்று அர்த்தம், அத்தனை பூட்ஸும் ஒரே நேரத்தில் தரையில் விழுகிற சத்தம், ஒரே சத்தம், விடுதிச் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது, உஸ்தாத் என்னைப் பார்த்து, இன்னும் சத்தம், இன்னும் என்கிறார். என் வாழ்க்கையில் இன்னும் சத்தமாகப் பேசு என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் அவர்தான், அன்றைக்குக் குளியலறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், சந்தோஷத்தில்தான், அதற்குப் பிறகு எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அடுத்த மாதம் வயது வரம்பு தாண்டிவிடும், விண்ணப்பமே போட முடியாது, இதுதான் கடைசி, இந்தத் தடவ வரலேன்னா நாங்க சொல்லுதத நீ கேக்கணும் என்று அப்பா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், அதட்டியிருந்தால் எதிர்த்திருப்பேன், கெஞ்சினார், சரி என்றேன், அவர்கள் சொல்லுவது தென்காசியில் சித்தப்பா ஜவுளிக்கடை, மேல்மாடியில் பட்டுச்சேலைப் பிரிவு, மெத்தையில் உட்கார்ந்து சேலையை விரித்துக் காட்ட வேண்டும், அங்கே சத்தம் போட வேண்டிய அவசியமே வராது, வாழ்நாள் பூராவும் வராது. தேர்வுக்குப் போகிற ரயிலில் ஜெனிட்டா குதியாட்டம் போட்டாள், எக்கா, ஒங்க கூடயே எனக்கும் அழைப்பு வந்திருக்கே, ஒரே பேட்ச், எங்கம்மா அந்தோணியாருக்கு மெழுகுத்திரி வச்சா தெரியுமா, இருவரும் ஒரு பொட்டலத்தில் புளிச்சோறு தின்றோம், இருவரும் கதைகளை ஒருதடவை ஒப்பித்துப் பார்த்தோம், நான் தொடங்குவேன், அவள் முடிப்பாள், அவள் தொடங்குவாள், நான் முடிப்பேன், அப்போதாவது எனக்கு உறைத்ததா, உறைக்கவில்லை, நாலு தடவை போய் வந்த மண்டைக்கு அந்தச் சின்ன விஷயம் உறைக்கவில்லை பாரேன். போய் இறங்கியதும் நெஞ்சில் கட்டிக்கொள்ள எண் கொடுத்தார்கள், அங்கே பெயர் கிடையாது, எண்தான், அவள் பதினாலு, நான் பதினைந்து, எண் வரிசையில் பக்கத்துப் பக்கத்து மேசை.

முதல் படம் விழுகிறது, மங்கலாக ஒரு ஆறு மாதிரி, கரையில் யாரோ, படம் மறைந்ததும் என் கை தானாக எழுதுகிறது, கல்லூரி மாணவி, வெள்ளம், வாழைமரம், அந்த நேரத்தில் பக்கத்துப் பேனாவின் சத்தம் கேட்கிறது, கேட்டதும் பாதி வார்த்தையில் நிறுத்தினேன், ஐயோ, அங்கேயும் வாழைமரம்தானே, அதே தெப்பம், அதே கலெக்டர், அதே மாலை, இரண்டு தாளும் ஒரே மனிதரின் மேசைக்குத்தான் போகும், பதினாலைப் படித்துவிட்டுப் பதினைந்தை எடுப்பார், இது என்ன கூத்து என்று இரண்டையும் சேர்த்துத் தள்ளிவிடுவார், இரண்டு பேரில் ஒருத்தி மாற்றி எழுத வேண்டும், அவளுக்குச் சாடை காட்டலாம் என்றால் மேசைகளுக்கு நடுவே ஒருவர் நடந்துகொண்டே இருக்கிறார், அவள் மாற்றட்டுமே, அவளுக்கு இருபது வயது, இன்னும் எத்தனையோ தடவை வரலாம், எனக்கு ஏது, கதை என்னுடையது, நான் கட்டினது, நான் ஏன் விட வேண்டும், மாற்றுட்டி, மாற்றித் தொலையேன் சனியனே என்று மனசுக்குள் கத்துகிறேன், அவள் தலை நிமிரவே இல்லை. தியாகம் கீயாகம் ஒன்றுமில்லை, அவள் அந்த மெழுகுத்திரியைச் சொன்னபோது இருந்த முகம் ஞாபகம் வந்தது, என்னால் ஒருத்தி கெட்டாள் என்று ஆகிவிடக் கூடாதே என்று பயந்தேன், அவ்வளவுதான், தெப்பத்தைக் குறுக்கே அடித்தேன்.

அடித்துவிட்டேன், சரி, அதற்குப் பதிலாக எதை எழுத, இத்தனை வருஷம் இந்தப் பத்துப் பன்னிரண்டு கதைகளைத் தேய்த்துத் தேய்த்து என்னிடம் வேறு கதையே இல்லை என்பது அப்போதுதான் தெரிகிறது, படங்கள் வருகின்றன, போகின்றன, உடைந்த இங்கிலீஷில் என்னென்னவோ எழுதுகிறேன், ஒரு படத்தில் அம்மா வருகிறாள், ஒரு படத்தில் பாட்டு டீச்சர், ஒரு படத்தில் சேலைக்கடையில் ஒருத்தி, விரிக்கிறாள், மடிக்கிறாள், எல்லாக் கதையிலும் யாரோ அழுகிறார்கள், ஒன்றிலும் ஊர் காப்பாற்றப்படவில்லை, இப்போது இந்த வெள்ளை, ஒரு நிமிடம் போய்விட்டது, இரண்டு போய்விட்டது, ஒரு பெண் மொட்டை மாடியில் நிற்கிறாள் என்று எழுதுகிறேன், கீழே தெருவில் எல்லோரும் போகிறார்கள், அவள் கூப்பிடுகிறாள், உரக்கக் கூப்பிடுகிறாள், ஒருவர் நின்று திரும்புகிறார், மணி அடித்துவிட்டது, தாளை வாங்கிக்கொண்டு போகிறார்கள், திரும்பியவர் யார், என்ன சொன்னார், எனக்கும் தெரியாது.

எழுதியதைப் பற்றி வெளியே வந்து பேசக்கூடாது, மனசு கலைந்துவிடும், அதுவும் நான் கற்றுக்கொடுத்த விதிதான், ஆகவே ஜெனிட்டாவும் பேசவில்லை, நானும் பேசவில்லை, அடுத்து வந்த நாள்களில் மைதானத்தில் கயிறு, பலகை, இரும்புப் பீப்பாய், எட்டுப் பெண்கள் சேர்ந்து கால் தரையில் படாமல் பாரத்தைக் கடத்த வேண்டும், நான் சத்தம் போட்டேன், பிடி, விடு, நீ முதலில் போ, எல்லாரும் கேட்டார்கள், கையில் அட்டை வைத்திருந்த அதிகாரி என் பக்கம் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார், நேர்முகத்தில் இன்னொரு அதிகாரி, உங்களிடம் படித்தவர்கள் இத்தனை பேர் தேறியிருக்கிறார்களா என்று புருவத்தை உயர்த்தினார், போதாதா எனக்கு, ஆசை வந்துவிட்டது, ஆசைக்கு வெட்கமே கிடையாது, எழுத்து போனால் போகட்டும், மைதானம் காப்பாற்றும் என்று தட்டில் இருந்த ரொட்டியைக்கூட அன்று ருசித்துத் தின்றேன்.

கடைசி நாள் கூடத்தில் எல்லோரையும் வரிசையாக நாற்காலியில் உட்காரவைத்தார்கள், எண்ணைக் கூப்பிட்டால் எழுந்து முன்னால் போய் நிற்க வேண்டும், கூப்பிடப்படாதவர்கள் எண்ணைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மதியமே ஸ்டேஷனுக்குப் பஸ் ஏற வேண்டும், அதிகாரி ஏதோ நல்ல வார்த்தைகள் சொன்னார், தோல்வி இல்லை என்றார், முயற்சி என்றார், என் காதில் எதுவும் ஏறவில்லை, பிறகு பதினாலு என்றார், ஜெனிட்டா எழுந்திருக்கவில்லை, நான்தான் அவள் முதுகில் தட்டி எழுப்பினேன், பதினாலுக்கு அடுத்தது பதினைந்துதானே, காலை நாற்காலிக்கு அடியிலிருந்து முன்னால் இழுத்துத் தயாராக வைத்தேன், அவர் தாளை மடித்தார், அவ்வளவுதான், நன்றி என்றார். ஒரே ஒருத்தி. கைதட்டினார்கள், நானும் தட்டுகிறேன், இப்போதும் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து தட்டிக்கொண்டே இருக்கிற மாதிரிதான் இருக்கிறது, நெஞ்சிலிருந்த நாடா முடிச்சு அவிழாமல் இழுத்து அறுத்துக் கொடுத்தேன், அங்கிருந்த சிப்பாய் வாங்கிக்கொண்டார்.

பஸ் புகையைக் கக்கிக்கொண்டு நிற்கிறது, பெட்டியை ஏற்றிவிட்டேன், ஜெனிட்டா ஓடிவருகிறாள், அவள் இங்கேயே இருக்க வேண்டும், நாளை மருத்துவப் பரிசோதனை, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள், ஏட்டி, சிரிக்க வேண்டிய நேரத்துல என்ன அழுக என்றேன். எக்கா, ஒண்ணு சொல்லணும், திட்டக்கூடாது, நீங்க சொல்லிக்குடுத்த கதையில ஒண்ணுகூட நான் எழுதலக்கா. என்னட்டி சொல்லுத. மொதப் படம் வந்ததுமே திக்குன்னு ஆயிட்டுக்கா, ரெண்டு பேரும் ஒண்ணையே எழுதுனா ஒங்களுக்கும்லா போயிரும், எனக்குன்னா அடுத்த தடவ இருக்கு, ஒங்களுக்கு இல்லல்லா, அதான் எல்லாத்தையும் ஒங்களுக்கே விட்டுட்டேன், எனக்கு வராதுன்னு தெரிஞ்சேதான் எழுதுனேன், எங்க அண்ணன் வள்ளம் கவுந்து போனான்லா, அவனத் தேடுனதையே மாத்தி மாத்தி எழுதுனேன், அம்மா கரையில நின்னது, நான் வலையப் பிரிச்சது, அழுதுக்கிட்டேதான் எழுதுனேன், நீங்க பாக்கலையாக்கா. நான் பார்க்கவில்லை. பக்கத்து மேசையில் என் கதை ஓடுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன், எங்கள் இரண்டு பேர் தாளிலும் தெப்பம் இல்லை, கலெக்டர் இல்லை, நான் கட்டின கதைகளை இருவருமே அனாதையாக விட்டுவிட்டு எழுந்து வந்திருக்கிறோம், அவளை அறையலாம் போல இருந்தது, கட்டிக்கொண்டு ஓவென்று கத்தலாம் போல இருந்தது, இந்த உலகத்தில் எனக்காக ஒருத்தி தன்னுடையதை விட்டாள், விட்டதாலேயே அவளுக்குக் கிடைத்தது, நான் விட்டதற்கு எனக்கு என்ன கிடைத்தது.

எக்கா, நீங்க அந்தக் கதையெல்லாம் எழுதுனீங்கல்லா என்று கேட்கிறாள், கண் இரண்டும் என் முகத்திலேயே இருக்கிறது, இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வரப்போகிற நட்சத்திரம் அவள் தோளில் ஆயுசுக்கும் உறுத்தும், எழுதுனேன்ட்டி, ஒரு வரி விடாம எழுதுனேன் என்றேன். அப்பாடா என்று மூச்சு விட்டாள், உடனே முகம் மறுபடியும் சுருங்கியது, அப்பொறம் ஏன்க்கா ஒங்களுக்கு வரல. டிரைவர் ஆரன் அடிக்கிறார், மற்ற பெண்கள் ஜன்னல் வழியாகப் பார்க்கிறார்கள், இந்தத் தடவ சீட்டு ரொம்பக் கம்மியாம்ட்டி என்றேன், அவள் அதை நம்புகிறாள், நம்பித் தலையாட்டுகிறாள், நாளைக்கு வெறும் வயித்தோட போகணும், தண்ணி மட்டும் குடிச்சுக்கோ, போ என்று அவளை அனுப்பிவிட்டுப் பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.