சட்டியடியில் ஒரு கன்னியாஸ்திரீ

ஒஸ்மார் சுவிட்சர்லாந்தில் இரண்டு வருடம் வாழ்ந்தவர் என்பது சாவ் பாவ்லோவில் அவரை அறிந்த அத்தனை பேருக்கும் மனப்பாடம். வேலை பார்த்த லிஃப்ட் கம்பெனி அவரைப் பயிற்சிக்காக ஸூரிக்குக்கு அனுப்பியது என்னவோ பதினோரு நாள்தான். சொல்லச் சொல்ல அது மூன்று மாதமாகி, ஒரு வருடமாகி, மனைவி இறந்து மறுத்துப் பேச ஆளில்லாமல் போனபின் இரண்டு வருடத்தில் வந்து நின்றது.

மகள் லிவியாவைக் கட்டிக்கொள்ளப்போகும் ரூபென்ஸின் தாயார் இல்ஸே சுவிஸ் வம்சாவளி என்று தெரிந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. இரு குடும்பமும் சந்திக்கும் இடத்தை அவரே முடிவு செய்தார்: மொயேமா பகுதியின் ஆல்ப்ஸ் பாணி உணவகம். மரச்சுவரில் மாட்டுமணி, ஜன்னலோரம் பஞ்சில் செய்த பனி. பரிமாற வந்த ஜெனிவால்தோ பிரேசிலின் வடகிழக்கே வெயில் கொளுத்தும் பராயிபாக்காரர், தலை நரைத்தவர். அவருக்குத் தோலாலான அரைக்கால் சட்டையும் இறகு செருகிய தொப்பியும் மாட்டிவிட்டிருந்தார்கள். அங்கே குளிர்காலமான ஜூனில் முழங்கால் இரண்டும் புல்லரித்துக் கிடந்தன.

மேசை நடுவில், சிறு அடுப்பின்மேல் வைத்த சட்டியில், ரொட்டியை முக்கித் தின்ன உருகிய பாலாடைக்கட்டி கொதித்தது. ஒஸ்மார் நீண்ட முள்கரண்டியைச் செங்கோல்போல் பிடித்துக்கொண்டார்.

“நான் ஸூரிக்ல இருந்தப்போ...”

“அப்பா, ரொட்டி காஞ்சிடும், எடுத்துக்குங்க,” என்றாள் லிவியா.

“அங்கெல்லாம் ரொட்டியை இவ்ளோ பெரிசா வெட்டவே மாட்டாங்க!”

“அப்படியா?” என்ற இல்ஸே, “உங்க முட்டிவலி இப்போ எப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

ஆறு முறை சுவிட்சர்லாந்தை இழுத்து வந்தார். ஆறு முறையும் பேச்சு மழை, டிராபிக், ரூபென்ஸின் பல் கிளினிக் என்று நழுவிப் போயிற்று. பொறாமை, வேறென்ன என்று நினைத்துக்கொண்டார்.

சட்டி காலியாகும் நேரம். இல்ஸே உள்ளே எட்டிப் பார்த்துக் கைதட்டினாள்.

“அடடே, கன்னியாஸ்திரீ வந்துட்டா!”

ஒஸ்மார் நல்ல கத்தோலிக்கர். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து, வாசலைப் பார்த்துத் தலை தாழ்த்தினார். அங்கே ஒருவன் குடையை மடக்கிக்கொண்டிருந்தான்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவரைக் கலக்கியது. உட்கார்ந்து சட்டியைப் பார்த்தார். அடியில் பழுப்பாக ஒரு வட்டம் ஒட்டியிருந்தது.

“ஏம்பா! அடிபிடிக்க விட்டுட்டியே! ஸூரிக்லயா இருந்தா இந்தச் சட்டியை உன் தலையிலேயே கவுத்திருப்பாங்க!”

ஜெனிவால்தோ பதில் சொல்ல வாயைத் திறந்தார். லிவியா அவரைப் பார்த்தாள்; கெஞ்சுகிற பார்வை. அவர் வாயை மூடிக்கொண்டார்.

“என் தப்புதான் சார். தீயைக் குறைக்க மறந்துட்டேன்.”

சத்தம் கேட்டு மேனேஜர் ஓடி வந்தான். “மூணாவது புகார் இது. தொப்பியைக் கழட்டி வெச்சுட்டுக் கிளம்புய்யா. நாளைக்கு வர வேண்டாம்.”

ஜெனிவால்தோ தொப்பியைக் கழற்றினார். லிவியா மேசைவிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபமில்லை, பழகிப்போன களைப்பு.

“அப்போ கன்னியாஸ்திரீன்னா என்னம்மா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார் ஒஸ்மார்.

“அந்த அடிதான்பா விசேஷமே. சுரண்டிச் சாப்பிடுவாங்க. அதுக்குப் பேருதான் கன்னியாஸ்திரீ.”

காது சுட்டது. சும்மா இருந்துவிடலாம். முன்பின் தெரியாத ஒருவர் வேலை போய் வீடு திரும்புவார். இரண்டு வருடமும் பத்திரமாக இருக்கும். ஜெனிவால்தோ தொப்பியின் இறகை நீவி, மேனேஜரிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

“அவரை விடுங்க,” என்றார் ஒஸ்மார். “சட்டி சரியாத்தான் இருக்கு. எனக்குத்தான் தெரியலை. நான் ஸூரிக்ல இருந்ததே பதினோரு நாள். கம்பெனி கேன்டீன்ல சாசேஜ் தின்னுட்டு வந்தேன், அவ்ளோதான்.”

மேனேஜர் முணுமுணுத்தபடி தொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான்.

“எங்களுக்குத் தெரியும் சம்பந்தி,” என்றாள் இல்ஸே மெதுவாக. “லிவியா முதல் நாளே சொல்லிட்டா. அப்பாகிட்ட அதை மட்டும் கேட்டுடாதீங்க, பாவம்னு.”

பாவம். இருபது வருடப் பெருமைக்கு வீட்டுக்குள் வைத்திருந்த பெயர் அதுதான். ஆறு முறையும் அவர் விழாதபடி மூன்று பேர் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். ஏழாவதற்குப் பராயிபாக்காரர் தன் வேலையையே கீழே விரித்திருக்கிறார். ஒஸ்மாரால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

“அடுத்து சாக்லேட் கொண்டு வரட்டுமா சார்?” ஜெனிவால்தோ பக்கத்தில் நின்றார்.

“கொண்டு வாங்க,” என்றார் ஒஸ்மார் மேசையிடம். “அதை எப்படிச் சாப்பிடறதுன்னும் சொல்லிக் குடுங்க.”

“பழத்தைக் குத்தி முக்கணும் சார். நானும் இங்க வந்துதான் கத்துக்கிட்டேன்.”